துக்க ஆலோசனையில் மேல்பயிற்சி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் குழு ஒன்றோடு வேலை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். துக்க ஆலோசனையில் இரண்டு நாள் அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டேன். இப்போது மேல்பயிற்சி என்று பல விளம்பரங்கள் வருகின்றன. அதில் உண்மையில் என்ன இருக்க வேண்டும்? நம் குடும்பங்களுக்கு அது பொருந்துமா?

பதில்:

இரண்டு நாள் பயிற்சியில் நீங்கள் கற்றது, துக்கத்தில் இருப்பவர் எதிரே பதறாமல் உட்கார்ந்து காது கொடுப்பது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதையே பத்து நாளாக நீட்டினால் மேல்பயிற்சி ஆகிவிடாது. மேல்பயிற்சி என்றால் இரண்டு கிடைக்க வேண்டும். ஒன்று, யாருக்கு ஆலோசனையே வேண்டாம், யாருக்குத் துணை இருந்தால் போதும், யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்று பிரிக்கத் தெரிவது. மற்றது, சிகிச்சை வேண்டியவருக்கு அதைச் செய்யும் கைப்பழக்கம். அந்தப் பழக்கம் வகுப்பில் வராது. உங்கள் அமர்வின் ஒலிப்பதிவை அனுபவசாலி ஒருவர் கேட்டுத் திருத்தினால்தான் வரும். இந்த இரண்டும் இல்லாத பாடத்திட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் ராண்ட் கட்டத் தேவையில்லை.

பிரித்தறிவதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், துக்கத்தில் இருக்கும் எல்லாரையும் ஆலோசனைக்கு உட்கார வைப்பதால் பலன் கிடைப்பதில்லை. கரியர், நீமையர், பெர்மன் மூவரும் 2008-ல் 61 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். யாரையும் தேர்ந்தெடுக்காமல் பொதுவாக அளிக்கப்பட்ட உதவி, சில மாதம் கழித்துப் பார்த்தால், உதவி பெறாதவர்களைவிட அவர்களை மேலாக வைத்திருக்கவில்லை. கடுமையாகத் தவிப்பவர்களைத் தேர்ந்து அளித்தபோது பலன் தெளிவாக இருந்தது. இயற்கையான மரணத்துக்குப் பிறகு, பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் துக்கம் ஆறாமல் நோயாக உறைகிறது என்று 2017-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. தற்கொலை, கொலை, விபத்து, பேரிடர் மரணங்களில் 2020-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு கிட்டத்தட்ட பாதிப்பேர் என்கிறது. இரண்டாவது எண் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். ஆய்வுக்குக் கிடைத்தவர்களில் பலர் ஏற்கெனவே அதிகம் அடிபட்டவர்கள். ஆனாலும் திசை சரி. ஹாஸ்பிஸில் எதிர்பார்த்து வந்த மரணத்தையும், நெடுஞ்சாலையில் திடீரென்று போன உயிரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

ஆக, உங்களிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது சரியான தகவல், சொந்தபந்தம், கொஞ்ச நாளுக்கு ஒரு போன். அதற்கடுத்த ஒரு பகுதியினருக்கு ஆதரவுக் குழுவோ சில அமர்வுகளோ போதும். சிகிச்சை தேவைப்படுவோர் சிலரே. நல்ல பயிற்சியில் முதல் நாளே இது வந்துவிடும். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளை வழிகாட்டிப் படமாகச் சுவரில் ஒட்டித் தொடங்கும் பயிற்சி என்றால் கவனமாக இருங்கள். அந்த நிலைகளை மனநல மருத்துவர் க்யூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது சாகப்போகிறவர்களைப் பார்த்து. பிரிவில் வாடுபவர்கள் வரிசையாக ஏறும் படிக்கட்டு அல்ல அது. "இன்னும் கோபநிலைக்கே வரலையே" என்று ஒரு விதவையிடம் ஆலோசகர் சொல்லும் அபத்தமெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

அதற்குப் பதிலாக இரண்டு கருத்துகள் ஆழமாக வர வேண்டும். ஸ்ட்ரோபே, ஷூட் இருவரும் 1999-ல் முன்வைத்த இரட்டைப் போக்கு மாதிரி ஒன்று: துக்கப்படுகிறவர் இழப்பை நோக்கியும், மாறிப்போன வாழ்க்கையை நோக்கியும் மாறி மாறி ஊசலாடுகிறார், காலையில் அழுதவர் மதியம் வங்கிக்குப் போய்க் கணக்கை மாற்றுவது இயல்பு. ஊசல் நிற்கும்போதுதான் சிக்கல், எந்தப் பக்கம் நின்றாலும். இரண்டாவது, 1996-க்குப் பிறகு பரவலாக ஏற்கப்பட்ட தொடரும் பந்தம் என்ற பார்வை: இறந்தவரை "விட்டுவிட" வேண்டியதில்லை, உறவு வேறு வடிவில் தொடரலாம். படத்துக்கு விளக்கேற்றி, அமாவாசைக்குப் படைத்து, புரட்டாசியில் விரதம் இருந்து வளர்ந்த நம் குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலோசகருக்குத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

நோயா, வழக்கமா

நீடித்த துக்கக் கோளாறு இப்போது இரண்டு பெரிய நோய்ப் பட்டியல்களிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 11 குறைந்தது 6 மாதம் கடந்திருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க டி.எஸ்.எம். பட்டியலின் 2022 திருத்தம் பெரியவர்களுக்கு 12 மாதம், குழந்தைகளுக்கு 6 மாதம் என்கிறது. டி.எஸ்.எம். கணக்கில், இறந்தவருக்கான தீராத ஏக்கமோ அவரைப் பற்றிய நினைப்பிலேயே மூழ்கிக் கிடப்பதோ கடந்த ஒரு மாதமாக ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். அதோடு இந்த எட்டு அறிகுறிகளில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்: தன்னில் ஒரு பகுதி செத்துவிட்டது போன்ற உணர்வு, நம்ப முடியாமை, நினைவூட்டுபவற்றைத் தவிர்த்தல், கடும் மனவலி, வாழ்க்கைக்குத் திரும்ப முடியாமை, மரத்துப்போதல், அர்த்தமின்மை, கடும் தனிமை. இவையெல்லாம் அவருடைய சமூகத்தின், மதத்தின் வழக்கத்தை மீறியதாகவும் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையை எழுதிவிட்டுப் பலர் கடந்துபோகிறார்கள். நம் ஊரில் வேலையே அங்கேதான்.

அப்பா படத்தோடு தினமும் பேசுவது, கனவில் வந்து சொன்னதை நம்புவது, ஒரு வருஷம் தீபாவளி கொண்டாடாமல் இருப்பது, கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருப்பது: இவை எதுவும் அறிகுறி அல்ல. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் படத்தை எடுத்து மாட்ட முடியாமல் அலமாரியில் கவிழ்த்தே வைத்திருப்பது, அஸ்தி கரைத்த புளூ லகூன் பக்கம் காரில்கூடப் போக முடியாமல் சுற்றுவழியில் போவது, எல்லாரும் கும்பிடும் அந்த ஒரு நாளில் மட்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது போன்றவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை தவிர்த்தல். இரண்டையும் பிரிக்க எளிதான வழி, "உங்க வீட்டில் வழக்கமா என்ன செய்வீங்க, இந்தத் தடவை அதில் எது முடியலை?" என்று கேட்பது. பதில் வழக்கத்தைப் பற்றி வருகிறதா, இயலாமையைப் பற்றி வருகிறதா என்று கவனியுங்கள்.

நீடித்த துக்கத்தைச் சலித்தறியும் கேள்விப் படிவங்களில் பி.ஜி. 13-இன் திருத்தப் பதிப்பு கையாள எளிது. அதில் பத்துக் கேள்விகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 30 அல்லது அதற்கு மேல் என்றால் விரிவாக விசாரிக்க வேண்டும். பழைய அளவுகோலான சிக்கலான துக்கப் பட்டியலில் 19 கேள்விகள், 0 முதல் 76 வரை மதிப்பெண், எல்லை 25-க்கு மேல். இரண்டிலும் வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. எண்ணையே நோய் முடிவாக எழுதிவிடுவது முதல் பிழை. அது சலிக்கும் சல்லடைதான். இரண்டாவது, பாட்டியிடம் கேள்வியை வாயால் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலப் படிவத்தின் எல்லை எண்ணை அப்படியே பொருத்துவது. வாய்மொழியாகக் கேட்டால் பதிலை எழுதுங்கள், எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: முதல் வருஷத் திதி நெருங்கும் வாரத்தில் அளப்பது. டி.எஸ்.எம். சொல்லும் 12 மாதமும் திதியும் ஒன்றாக வருகின்றன. அந்த நாட்களில் யாருக்கும் மதிப்பெண் ஏறும். ஆறு வாரம் தள்ளி மறுபடி அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

வயதானவர்கள் "மனசு சரியில்லை" என்று வர மாட்டார்கள். நெஞ்சு அடைக்கிறது, வயிறு எரிகிறது, கால் நிற்கவில்லை என்றுதான் வருவார்கள். முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். இங்கே இந்திய வம்சாவளியினரிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகம். காரிய நாட்களில் விரதம், தூக்கமின்மை, வீடு நிறைய ஆட்கள் என்று மாத்திரையே மறந்துபோகும். முதல் வாரத்தில் நீங்கள் கேட்கக்கூடிய மிகப் பயனுள்ள கேள்வி, "சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இன்னிக்குப் போட்டீங்களா?" என்பதுதான். துக்கப் பாடத்தில் இது வருவதில்லை. வர வேண்டும்.

பதினாறு நாளும் அதற்குள் வரும் சண்டைகளும்

முதல் பதினாறு நாள் ஆலோசனை வேலைக்கானதல்ல. வீடு சடங்கின் கையில் இருக்கிறது. அது நன்றாகவே நடத்துகிறது. அந்த நாட்களில் நீங்கள் செய்யக்கூடியது காகித வேலையும், சண்டை தீவிரமாகாமல் பார்ப்பதும்.

காகிதம் என்றால்: மருத்துவர் நிரப்பும் டி.எச்.ஏ. 1663 இறப்பு அறிவிப்புப் படிவம், உள்துறை அலுவலகப் பதிவு, பிறகுதான் தகன அனுமதி. இயற்கைக்கு மாறான மரணம் என்றால் போலீஸ், அரசுப் பிணவறை, பிரேத பரிசோதனை என்று நாளாகும்; மறுநாளே கிளேர் எஸ்டேட்டிலோ மொபெனி ஹைட்ஸிலோ தகனம் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்ட குடும்பம் இங்கே உடைந்துபோகும். முடிவு தெரியும்வரை நாள் அறிவிக்க வேண்டாம் என்று முதல் மணி நேரத்திலேயே சொல்லுங்கள். மரணக் காரணம் விசாரணையில் என்று பதிவானால் காப்பீட்டுப் பணமும் தாமதமாகும். இறந்தவரின் வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்பதும் பலருக்கு ஈமச் செலவுக்குப் பணம் எடுக்கப் போகும்போதுதான் தெரிகிறது. சொத்து விவரத்தை 14 நாட்களுக்குள், இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். 2,50,000 ராண்டுக்கு உட்பட்ட சொத்துக்கு எளிய நடைமுறை உண்டு. வேலைக்குப் போகிறவருக்குச் சட்டப்படி குடும்பப் பொறுப்பு விடுப்பு வருஷத்துக்கு 3 நாள்தான். அதுவும் நான்கு மாதத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்து, வாரத்தில் நான்கு நாளாவது வேலை செய்பவருக்கு. சித்தப்பா, மாமா, மாமியார் அந்தச் சட்டப் பட்டியலில் இல்லை. பதினாறாம் நாளுக்குச் சொந்த விடுப்பை இப்போதே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

இனி சண்டை. நம் குடும்பங்களில் ஒரு அண்ணன் சைவம், ஒரு தங்கை பெந்தெகொஸ்தே சபை என்பது மிகச் சாதாரணம். அம்மா இறந்ததும் விளக்கு, கற்பூரம், கொள்ளி, அஸ்தி, படையல் சோறு என்று ஒவ்வொன்றும் பிரச்சினையாகும். பல வருஷம் கழித்து உங்களிடம் வரும் உறைந்த துக்கத்தின் வேர், தோண்டிப் பார்த்தால் மரணத்தில் இருக்காது; அந்த இரண்டு நாளில் "நீ அம்மாவுக்கு ஒண்ணுமே செய்யலை" என்று விழுந்த ஒரு வார்த்தையில் இருக்கும். மேல்பயிற்சியில் இதை நடித்துப் பழக வேண்டும். செய்முறை எளிது, செய்வது கடினம். முடிவெடுக்கும் மூன்று அல்லது நான்கு பேரை மட்டும் தனியறையில் உட்கார வையுங்கள், மாமன்மார் வெளியே. இறந்தவர் என்ன சொல்லியிருந்தார் என்பதை முதலில் கேளுங்கள். பிறகு எடுக்க வேண்டிய முடிவுகளைத் தாளில் எழுதுங்கள்: உடல் எங்கே வைக்கப்படும், யார் ஓதுவார், யார் ஜெபிப்பார், எந்த நேரம், அஸ்தி யாரிடம், சாப்பாடு யார் சமைப்பது. சடங்கில் பங்குகொள்ள முடியாதவருக்கு அவர் நம்பிக்கை அனுமதிக்கிற ஒரு வேலையைக் கண்டுபிடியுங்கள்: பெட்டி தூக்குவது, இரங்கல் உரை, வந்தவர்களைக் கவனிப்பது, படைக்காத சாப்பாடு தனியாகச் சமைப்பது. எது சரியான மதம் என்ற பேச்சு எழும்போது, "அதை இன்னிக்கு இங்கே தீர்க்க முடியாது, அடுத்தது என்ன?" என்று தாளுக்குத் திரும்புங்கள். ஆலோசகர் எந்தப் பக்கமும் தலையாட்டக் கூடாது. நீங்கள் நெற்றியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதை அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

விதவைச் சடங்குகளும் அப்படியே. சில வீடுகளில் தாலி கழற்றுவதும் பொட்டழிப்பதும் இன்னும் உண்டு, சில வீடுகளில் விட்டுவிட்டார்கள். முற்போக்காகப் பேசி அதைத் தடுப்பதும் உங்கள் வேலை இல்லை. மரபு என்று சொல்லித் தலையசைப்பதும் இல்லை. அந்த நாளுக்கு முன்பே அவரைத் தனியாகக் கேளுங்கள்: உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம், வேண்டாம் என்பதை யார் சொன்னால் வீட்டில் எடுபடும்? பெரும்பாலும் ஒரு மூத்த நாத்தனாரோ அக்காவோ சொன்னால் முடிந்துவிடும். மகன் இல்லாத வீட்டில் கொள்ளி வைப்பது மகளா, தம்பி மகனா என்ற கேள்விக்கும் இதே வழி.

சூலு குடும்பங்களும் உங்களிடம் வருவார்கள். இரவு விழிப்பான உம்லிண்டெலோ, துக்க காலமான உக்குசிலா, அதை முடிக்கும் தூய்மைச் சடங்கான இஹ்லாம்போ ஆகியவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு விதவை ஒரு வருஷம் கறுப்புடையில் ஒதுங்கியிருப்பதைப் பார்த்துச் சமூக விலகல் என்று கோப்பில் எழுதிவிடும் பிழை நடக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நடாலில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலர் உடல் கிடைக்கவேயில்லை. உடல் இல்லாத இழப்பில் வழக்கமான முறைகள் பலிக்காது. "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பது அங்கே கொடுமை. இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒன்றாகத் தாங்கப் பழக்குவதுதான் வேலை. குடும்ப சிகிச்சை ஆய்வாளர் பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறார். பாடத்திட்டத்தில் இந்தத் தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சிகிச்சை என்றால் என்ன நடக்கிறது

இதுவரை அதிகம் சோதிக்கப்பட்டது அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கிய 16 அமர்வுச் சிகிச்சை. 2005-ல் வந்த முதல் பெரிய சோதனையில், இதைப் பெற்றவர்களில் 51 விழுக்காட்டினர் தேறினர். ஒப்பீட்டுக்கு வைத்த, மற்றவர்களோடான உறவுகளை மையமாக்கும் சிகிச்சையில் 28 விழுக்காட்டினர். 2016 சோதனை, மனச்சோர்வு மாத்திரையான சிட்டலோப்ராம் மட்டும் துக்கத்தை இறக்கவில்லை என்று காட்டியது. சிகிச்சையோடு சேர்த்தபோது மனச்சோர்வு குறைந்தது. அதனால், "மாத்திரை போட்டும் சரியாகலையே" என்று வருபவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்; அது வேறு வேலையைச் செய்கிறது.

அமர்வுகள் வாரம் ஒன்று. தொடக்கத்தில் உறவின் வரலாறு, மரணத்தின் வரலாறு, துக்கம் எப்படி இயங்குகிறது என்ற விளக்கம். முதல் வாரத்திலிருந்தே துக்க நாட்குறிப்பு: ஒவ்வொரு நாளும் துக்கம் அதிகமாயிருந்த நேரம், குறைவாயிருந்த நேரம், 0 முதல் 10 வரை எண். எப்போதும் பத்து என்று நம்பியிருப்பவர், ஞாயிறு மதியம் பேரனோடு மூன்றாக இருந்ததைத் தன் கையெழுத்திலேயே பார்ப்பார். மூன்றாவது அமர்வை ஒட்டி நெருங்கிய ஒருவரை அழைத்து வரச் சொல்கிறார்கள். நான்காவதிலிருந்து மையமான பகுதி: மரணச் செய்தி தெரிந்த கணத்திலிருந்து நடந்ததைக் கண்மூடி, இப்போது நடப்பதுபோல் சொல்வது. சில நிமிடங்கள்தான். இடையிடையே தவிப்பு எவ்வளவு என்று 0 முதல் 100 வரை கேட்கப்படும். சொன்னது பதிவாகும். முடிந்ததும் அதே அளவு நேரமோ அதைவிட அதிகமோ, சொல்லும்போது என்ன கவனித்தார் என்று பேச வேண்டும். பிறகு அந்தக் கதையை மனதில் மூடி வைக்கச் சொல்ல வேண்டும். அன்று மாலைக்கு மனதுக்கு இதமான ஒன்றைத் திட்டமிட வேண்டும். வீட்டில் தினமும் பதிவைக் கேட்பார். அதன்பின் தவிர்த்து வந்த இடங்களை நோக்கி மெதுவாகப் போவது, நல்லதும் கெட்டதுமான நினைவுகளை எடுத்துப் பார்ப்பது, பத்தாவதில் இடைப் பரிசீலனை, பிற்பகுதியில் இறந்தவரோடு கற்பனையில் ஒரு உரையாடல். இவ்வளவுக்கும் நடுவில் எதிர்காலத்துக்கான ஒரு ஆசையும் முதல் அமர்வுகளிலிருந்தே இழையோடும். இதைத்தான் பழகாதவர்கள் முதலில் கைவிடுகிறார்கள். நேரம் போதவில்லை என்று காரணம் சொல்வார்கள். அதைக் கைவிட்டால் மிஞ்சுவது வாராவாரம் ஒருவரை அழவைத்து அனுப்புவது.

தவறுவது எங்கே? சொல்பவர் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றில் தொடங்குவார், நாம் தொட வேண்டிய கணத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்திருக்கும். தொடக்கக் கணத்தை முன்பே சேர்ந்து தீர்மானித்திருக்க வேண்டும். ஆலோசகர் தாங்க முடியாமல் நடுவில் டிஷ்யூவை நீட்டி ஆறுதல் சொல்வார். உடனே கதை நின்றுவிடும், "இது தாங்க முடியாதது" என்று இருவரும் சேர்ந்து நிரூபித்ததாகிவிடும். பேசி மூடும் பகுதிக்கு நேரம் விடாமல், தவிப்பு உச்சத்தில் இருக்கும்போதே கதவைத் திறந்து அனுப்புவது இன்னொன்று. பதிவை இரவில் தனியாக, மது அருந்திவிட்டுக் கேட்பது மற்றொன்று. நேரம், இடம், யாரை அழைப்பது என்று எழுதிக் கொடுங்கள். தீவிரத் தற்கொலை எண்ணம், மனப்பிறழ்வு, கட்டுக்கடங்காத குடி இருப்பவரிடம் இதைத் தொடங்கவே கூடாது. காவல்துறை விசாரணையோ நீதிமன்ற மரண விசாரணையோ நடந்துகொண்டிருந்தால், நீங்கள் பதிவு செய்வது சாட்சியமாகக் கேட்கப்படலாம். மேற்பார்வையாளரிடமும் வழக்கறிஞரிடமும் முதலில் பேசுங்கள்.

தற்கொலை ஆபத்தைக் கேட்பதைத் தனியாகவே பழக வேண்டும். "அவர்கிட்டயே போயிடணும்" என்பது துக்கத்தில் பலர் சொல்வது. கேட்டுவிட்டு நகரவும் கூடாது, பீதியடையவும் கூடாது. "சாகணும்னு நினைச்சீங்களா? எப்படின்னு யோசிச்சீங்களா? கையில் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. பாதுகாப்புத் திட்டம் ஆறு படி: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, கவனம் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய ஆட்கள், தொழில்முறை உதவி, வீட்டை ஆபத்தில்லாததாக்குவது. எஸ்.ஏ.டி.ஏ.ஜி. என்ற தென்னாப்பிரிக்க மனநல உதவி அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567 ஐந்தாவது படியில் இருக்கட்டும். ஆறாவதில் ஹாஸ்பிஸ்காரர்களுக்கு ஒரு சொந்தப் பொறுப்பு உண்டு: நோயாளி இறந்த பிறகு மீந்துபோன மார்ஃபின் சிரப்பும் தூக்க மாத்திரைகளும் அந்த அலமாரியிலேயே இருக்கும். முதல் வருகையிலேயே எண்ணி, குடும்பத்திடம் சொல்லி, மருந்தகத்துக்குத் திருப்ப ஏற்பாடு செய்யுங்கள். இறந்தவருடைய துப்பாக்கி வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். டர்பனில் இந்தக் கேள்வி மிகையல்ல.

துக்கத்தில் இருக்கும் குழந்தைகளோடு வேலை செய்யத் தனிப் பயிற்சி வேண்டும்; இந்த மேல்பயிற்சியில் ஒரு நாள் வந்தால் போதும். "தாத்தா தூங்குறார்", "சாமி கூட்டிட்டுப் போயிட்டார்" என்பவற்றைத் தவிர்த்து, உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இறந்துவிட்டார் என்று சொல்லப் பழக்குவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே மரணம் நிரந்தரம் என்று பிடிபடாது. தாத்தா எப்போது வருவார் என்று குழந்தை மறுபடி மறுபடி கேட்கும். கொஞ்சம் பெரியது, தான் கோபத்தில் திட்டியதால்தான் ஆயா செத்தார் என்று நம்பும். அதை யாரும் கேட்காவிட்டால் சொல்லாது. தகனத்தைப் பற்றிக் கேட்டால், இறந்த உடம்புக்கு வலி தெரியாது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு முதல் பத்துப் பேர், இரண்டு நடத்துநர், ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம், நடுவில் புதியவர் சேர்க்கை இல்லை. சேர்க்கும் முன் ஒவ்வொருவரையும் தனியாகப் பாருங்கள். தற்கொலையில் பறிகொடுத்தவரை, 90 வயதுத் தாயை இழந்தவர்கள் நிறைந்த குழுவில் ஒற்றையாக உட்கார வைக்காதீர்கள்.

எதற்குப் பணம் கட்டுவது

உங்கள் பதிவு சமூக சேவைத் தொழில்கள் பேரவையில். உளவியலாளர்களுக்கான சுகாதாரத் தொழில்கள் பேரவை ஆண்டுக்கு 30 தொடர்கல்விப் புள்ளிகள், அதில் 5 அறநெறிக்கு என்று கேட்கிறது; விளம்பரங்களில் வரும் புள்ளிகள் பெரும்பாலும் அந்தப் பேரவையுடையவை. உங்கள் பேரவை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தச் சான்றிதழும் உங்கள் தொழில் எல்லையை விரிக்காது. சலித்துப் பார்த்துப் பரிந்துரைப்பது உங்கள் வேலை. நோய் என்று முடிவு எழுதுவது உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ போக வேண்டும். இங்கே மருத்துவத் திட்டங்கள் இன்னும் ஐ.சி.டி. 10 குறியீட்டில்தான் பணம் தருகின்றன. அதில் நீடித்த துக்கத்துக்குத் தனிக் குறியீடு இல்லை, எஃப் 43.2 போன்ற தகவமைப்புக் கோளாறுக் குறியீட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். குடும்பத்துக்கு இதை முன்பே சொல்லாவிட்டால் பில் வரும்போது சண்டை.

அமெரிக்காவின் ஏ.டி.இ.சி. சங்கம் தரும் மரணவியல் சான்றிதழ் மதிப்புள்ளதுதான், ஆனால் அது தேர்வெழுதி அறிவைக் காட்டுவது, கைப்பழக்கத்தைக் காட்டாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நீடித்த துக்க மையம் 16 அமர்வுச் சிகிச்சைக்கு இணையவழிப் பயிற்சி தருகிறது. ஷியர் இருப்பதும் சமூகப் பணிப் பள்ளியில்தான், ஆகவே உங்கள் தொழிலுக்கு அந்நியமில்லை. நோய்த் தணிப்புப் பராமரிப்பு முழுவதும் வேண்டுமென்றால் கேப்டவுன் பல்கலைக்கழகம் பட்டமேற்படிப்பு நடத்துகிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதலில் இணையவழியில் முறையைக் கற்று, மிச்சப் பணத்தை உள்ளூர் மேற்பார்வைக்குச் செலவிடுவேன். வகுப்பு 40 மணி நேரம் என்றால் நன்று; அதைவிட முக்கியம், இரண்டு முழு வழக்குகளையாவது தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவர் பதிவைக் கேட்டு வழிநடத்துவது.

பயிற்சி தருபவரிடம் கேட்க வேண்டியது: என் ஒலிப்பதிவை யார் கேட்பார், எத்தனை? மூவர் மூவராகப் பிரித்து நடிப்புப் பயிற்சி எத்தனை மணி நேரம்? பயிற்றுநர் இன்னும் வழக்குகள் பார்க்கிறாரா? யாருக்கு இந்தச் சிகிச்சை கூடாது என்று ஒரு வகுப்பாவது உண்டா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.

சேர்வதற்கு முன் உங்கள் ஹாஸ்பிஸில் இரண்டு ஏற்பாடு தேவை. ஒலிப்பதிவுக்கான சம்மதப் படிவம்: எதற்காகப் பதிவு, யார் கேட்பார், எந்தத் தேதியில் அழிக்கப்படும், எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம், மறுத்தாலும் உதவி நிற்காது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் வாட்ஸ்அப்பில் பதிவை அனுப்புவது ஆகாது. பூட்டிய சேமிப்பிடம் ஒன்றை நிர்வாகம் தர வேண்டும். இரண்டாவது, பதினாறு அமர்வுக்கும் அதே அறை, அதே நாள், அதே நேரம், அலைபேசி அடிக்காத ஒரு மணி நேரம். நிர்வாகம் இதை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு கட்டணத்தைக் கட்டுங்கள்.